பழைய மூலை நாற்காலி: உட்கார்ந்து பார்க்காமல், கவிழ்த்துப் பார்க்காமல் வாங்காதீர்கள்

ஜனவரி 8, வாசகர் கேள்வி

வரவேற்பறையில் ஒரு மூலை வெறுமனே கிடக்கிறது. அங்கே பழைய மூலை நாற்காலி ஒன்று போடலாம் என்று ஆசை. இரண்டு பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று மஹோகனி, கனமானது, 1760 என்று சீட்டு கட்டியிருக்கிறார்கள். இன்னொன்று மெலிந்த கால்கள், முதுகில் வெளிர் நிறப் பதிப்பு வேலை, 1905 வாக்கில் செய்தது என்கிறார்கள். பழையது எதுவோ அதுவே நல்லது என்பது என் எண்ணம். மாலையில் சாய்ந்து உட்கார்ந்து படிக்கவும் பயன்பட வேண்டும். எதை எடுக்கலாம்?

ஜனவரி 8, இரவு

எது பழையது என்பதை அப்புறம் பார்க்கலாம். முதலில் இரண்டிலும் உட்கார்ந்து பார்த்தீர்களா? கடையில் போய் ஒரு நிமிடம் மரியாதைக்கு உட்கார்வதைச் சொல்லவில்லை. ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய்க் கால் மணி நேரம் உட்காருங்கள்.

ஏன் சொல்கிறேன் என்றால், இது மற்ற நாற்காலி போல உட்காரும் பொருள் இல்லை. சதுர இருக்கையைத் திருப்பி, ஒரு முனை முன்னால் வருவதுபோல் வைத்திருப்பார்கள். முன்னால் ஒரு கால், பின்னால் ஒரு கால், இரு பக்கமும் ஒவ்வொரு கால். உங்கள் தொடைகள் முன்காலின் இரண்டு பக்கமும் பிரிந்து இறங்கும். முதுகுச் சட்டம் தாழ்வானது. இருக்கையிலிருந்து 30, 35 செ.மீ. உயரத்தில் அரைவட்டமாகச் சுற்றி வந்து அதுவே கைப்பிடியாகவும் முடியும். இடுப்புக்கு நன்றாகத் தாங்கல் கிடைக்கும், தோளுக்கும் தலைக்கும் ஒன்றுமே கிடையாது.

ஆகவே மாலையில் சாய்ந்து படிப்பதற்கு இது சரிவராது. இதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது நல்லது. மேசை முன்னால் உட்கார்ந்து எழுத, எதிரில் இருப்பவரோடு பேச, ஒரு கையைச் சட்டத்தின்மேல் போட்டுப் பக்கவாட்டில் திரும்பி உட்கார, இதற்கெல்லாம் இதைவிடச் சுகமான பழைய நாற்காலியை நான் பார்த்ததில்லை. 18-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்திலும் அமெரிக்கக் காலனிகளிலும் செய்த இந்த வகையை எழுத்து நாற்காலி என்றும் சொல்வார்கள். மேசையருகே இழுத்தால் முன்முனை மட்டும்தான் மேசைக்கு அடியில் போகிறது. கைப்பிடிகள் இரண்டும் உங்கள் இடுப்புக்குப் பக்கத்திலேயே நின்றுவிடும், மேசை விளிம்பில் இடிக்காது. முழங்கைகள் தடையில்லாமல் முன்னால் போகும்.

ஜனவரி 9

அளவு பற்றி ஒன்று. இருக்கையின் ஒரு பக்கம் 45 செ.மீ. என்றால் மூலைவிட்டம் 64 செ.மீ. ஆகிவிடும். கைப்பிடியின் அகலம் அந்த மூலைவிட்டத்தைப் பொறுத்தது. அதனால் படத்தில் சின்னதாகத் தெரியும் நாற்காலி அறைக்குள் வந்ததும் அகலமாக நிற்கும்.

சுவர் மூலையில் இது ஒட்டி உட்காரும் என்று நினைக்க வேண்டாம். முதுகு அரைவட்டம், சுவரோ செங்கோணம். அரைவட்டம் இருக்கையின் பக்கங்களைத் தாண்டி 9 செ.மீ. அளவுக்கு வெளியே புடைத்து நிற்கும். அந்தப் புடைப்பு இரு சுவரையும் தொடும்போது பின்கால் மூலையைவிட்டு நன்றாகத் தள்ளியே நிற்கும். பின்னால் முக்கோணமாக ஓர் இடைவெளி. சட்டம் சுவரில் உரசினால் பாலிஷும் போகும், சுவரும் கறுக்கும். மூலையில் வைப்பதானாலும் நாலு விரல் தள்ளி வையுங்கள்.

ஜனவரி 13

"சரி, படிப்பதற்கு வேண்டாம், எழுது மேசையை அந்த மூலைக்குக் கொண்டுவருகிறேன்" என்று கேட்டவர் பதில் போட்டிருக்கிறார். நல்ல முடிவு. இனி வயதுக்கு வருவோம்.

இந்த நாற்காலிகளை மோட்டாக மூன்று கூட்டமாகப் பிரிக்கலாம்.

முதல் கூட்டம் 18-ஆம் நூற்றாண்டு. முற்பகுதியில் வால்நட் மரம். 1721-ல் பிரிட்டன் தன் அமெரிக்கக் காலனிகளிலிருந்து வரும் மரத்துக்கு இறக்குமதி வரியை எடுத்துவிட்டது. ஜமைக்கா மஹோகனி ஏராளமாக வர ஆரம்பித்தது. 1730-களுக்குப் பிறகு நல்ல வீட்டு நாற்காலி என்றால் மஹோகனிதான். அதே காலத்தில் கிராமத்துத் தச்சர்கள் ஓக், எல்ம், ஆஷ் மரங்களில் செய்தார்கள். அமெரிக்காவில் செர்ரி, மேப்பிள், வால்நட். பாஸ்டன், நியூபோர்ட் ஊர்களில் செய்தவை இன்றும் அருங்காட்சியகத் தரத்தில் மதிக்கப்படுகின்றன. முன்கால் மட்டும் வளைகாலாக இருந்து மற்ற மூன்றும் கடைசல் காலாகவோ நேர்க்காலாகவோ இருப்பது சாதாரணம். நாலு காலும் வளைகால் என்றால் அன்றைக்கே கூடுதல் காசு கொடுத்துச் செய்தது.

இரண்டாவது கூட்டம் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியும், பிரிட்டன் மன்னர் ஏழாம் எட்வர்ட் ஆண்ட 1901 முதல் 1910 வரையான காலமும். இருக்கை மெத்தை வைத்து, கால்கள் ஒடிசலாக, முதுகுப் பலகையில் பாக்ஸ்வுட் என்ற வெளிர் மரத்தின் இழைப் பதிப்போடு வருபவை. வரவேற்பறையில் விருந்தினர் கொஞ்ச நேரம் உட்காரச் செய்தவை. நல்லவை மஹோகனி. மலிவானவை பீச் மரத்துக்கு மஹோகனிச் சாயம் ஏற்றியவை.

மூன்றாவது கூட்டம் 20-ஆம் நூற்றாண்டு நகல்கள். 18-ஆம் நூற்றாண்டு வடிவம், இயந்திர வேலை. இதில் தப்பு ஒன்றுமில்லை. நகல் என்று சொல்லி விற்றால் வாங்கலாம், தினமும் உட்காரலாம், பயம் கிடையாது.

பழையதே நல்லது என்பதில் எனக்கு உடன்பாடில்லை. 1760-ல் நன்றாகச் செய்து, பிறகு மூன்று பேர் மோசமாகப் பழுது பார்த்த நாற்காலியைவிட, யாருமே கைவைக்காத 1905 நாற்காலி வீட்டுக்கு உகந்தது.

ஜனவரி 14

கவிழ்த்துப் பார்ப்பது எப்படி என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் பழைய நாற்காலியின் கதை முழுவதும் அடிப்பக்கத்தில்தான் இருக்கிறது. மேல்பக்கத்தை எல்லோரும் துடைத்து, மெழுகு போட்டு, சாயம் ஏற்றி வைத்திருப்பார்கள். அடிப்பக்கத்தில் அவ்வளவு மெனக்கெட மாட்டார்கள்.

ஒரு போர்வையை விரித்து அதன்மேல் கவிழ்த்து வையுங்கள். கைப்பேசி விளக்கைப் பக்கவாட்டில், மரத்தை ஒட்டிப் பிடியுங்கள். நேராகப் பிடித்தால் எதுவும் தெரியாது. சாய்ந்த வெளிச்சத்தில்தான் கருவிகளின் தடம் எழுந்து தெரியும். கையால் அறுத்த பலகையில் ரம்பத் தடம் நேர்க்கோடாக, கொஞ்சம் முன்பின்னாக ஓடும். வட்ட ரம்பத்தில் அறுத்ததில் வில்போல வளைந்த கோடுகள் இருக்கும். வட்ட ரம்பம் 19-ஆம் நூற்றாண்டில்தான் மரப்பட்டறைகளில் பரவியது. 1760 என்று சொல்லும் நாற்காலியின் இருக்கைச் சட்டத்துக்குள் வில் கோடு தெரிந்தால் அந்தச் சட்டமாவது 1760 இல்லை. சட்டத்தின் உள்பக்கத்தை விரல் நுனியால் தடவுங்கள். இழைப்புளியால் கையில் இழைத்த பரப்பு துல்லியமாகத் தட்டையாக இருக்காது. மெல்லிய அலை அலையாக விரலுக்குத் தட்டுப்படும்.

அடுத்தது நிறம். இரண்டு நூற்றாண்டு காற்று பட்ட, பாலிஷ் படாத மரம் ஒரு காய்ந்த பழுப்பாக இருக்கும். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்காது. கை படும் இடம் கறுத்திருக்கும், மூட்டின் இடுக்கில் தூசி இறுகியிருக்கும், இருக்கைப் பலகை மூடியிருந்த இடம் வெளுத்திருக்கும். எல்லா இடத்திலும் ஒரே சீரான கறுப்பு இருந்தால் அது தூரிகையால் வந்த கறுப்பு.

கழற்றி எடுக்கும் இருக்கையாக இருந்தால் வெளியே எடுத்து அதன் சட்டத்தையும் நாற்காலியின் உள்விளிம்பையும் பாருங்கள். ஜோடியாகவோ வரிசையாகவோ செய்யும்போது தச்சர் உளியால் ரோமன் எண் வெட்டி வைப்பார், எந்த இருக்கை எந்த நாற்காலிக்கு என்று தெரிய. இரண்டிலும் ஒரே எண் என்றால் இருக்கை அதனுடையது. நாற்காலியில் நாலும் இருக்கையில் ஆறும் வெட்டியிருந்தால், எங்கோ இன்னொரு நாற்காலி இதன் இருக்கையோடு நிற்கிறது என்று அர்த்தம். அதற்காகத் தள்ளிவிட வேண்டாம். விலை பேசும்போது சொல்லுங்கள்.

கடைசல் கால்களை காலிப்பரால் (தடிமன் அளக்கும் கருவி) அளந்து பாருங்கள். ஒரே உயரத்தில் இரண்டு திசையிலும். மரம் காயும்போது ஆண்டு வளையத்தின் போக்கில் சுருங்குவது அதிகம், நடுவிலிருந்து வெளியே போகும் திசையில் கிட்டத்தட்ட அதில் பாதிதான், நீளவாக்கில் அநேகமாக இல்லை. ஆகவே வட்டமாகக் கடைந்த கால் காலப்போக்கில் லேசாக நீள்வட்டமாகும். கண்ணுக்குத் தெரியாது, காலிப்பருக்குத் தெரியும். இதே காரணத்தால் மூட்டில் அடித்த மர ஆணியின் தலையும் சுற்றியுள்ள மரத்தைவிடத் துளி தூக்கி நிற்கும். கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் தேய்த்தாலே தெரிந்துவிடும். எனக்குப் பிடித்த சோதனை இதுதான். பக்கத்தில் நிற்பவர் எதையோ தடவுகிறார் என்று நினைப்பார்கள், பரவாயில்லை.

ஜனவரி 15

திருகாணி விட்டுப்போயிற்று. கையால் செய்த பழைய திருகாணியில் தலையின் வெட்டு நடுவில் இருக்காது, முனை மொட்டையாக இருக்கும். கூர்முனை உள்ள இயந்திரத் திருகாணி 1840-களின் பிற்பகுதியிலிருந்து. நட்சத்திர வெட்டு உள்ளது 1930-களுக்குப் பின். ஆனால் ஒன்று, திருகாணி எப்போது வேண்டுமானாலும் மாற்றப்பட்டிருக்கலாம். புதிய திருகாணி இருப்பதால் நாற்காலி புதியது ஆகாது, பழைய திருகாணி இருப்பதால் நாற்காலி பழையதும் ஆகாது. திருகாணியைச் சுற்றியுள்ள மரத்தைப் பாருங்கள். இரும்பு பல காலம் இருந்த இடத்தில் மரம் நீலக் கறுப்பாகக் கறைபட்டிருக்கும், முக்கியமாக ஓக்கில்.

ஜனவரி 21

கேட்டவர் படங்கள் அனுப்பியிருக்கிறார். 1760 நாற்காலியின் அடிப்பக்கப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இருக்கைக்குக் கீழே முன்பக்கம் இரண்டு புறமும் ஓடும் பலகையின் கீழ்விளிம்பு மற்ற இடங்களைவிட வெளுப்பாக இருக்கிறது. உள்பக்கத்தில் இரண்டு இடங்களில் சதுரமாக நிற மாற்றம், ஆணித் துளைகள் வேறு.

இதற்கு ஒரு விளக்கம்தான் எனக்குத் தோன்றுகிறது. 18-ஆம் நூற்றாண்டு மூலை நாற்காலிகளில் பல, கழிவுச் சட்டி வைக்கும் நாற்காலிகள். கழற்றும் இருக்கையைத் தூக்கினால் கீழே ஓட்டைப் பலகை, அதற்குள் சட்டி. சட்டி வெளியே தெரியாமல் இருக்க இருக்கைக்குக் கீழே ஆழமான பலகை சுற்றி வரும், சிலவற்றில் ஒரு சாண் ஆழம். பிற்காலத்தில் வீட்டுக்குள் குழாயும் கழிப்பறையும் வந்ததும் அந்த ஆழமான பலகை யாருக்கும் பிடிக்கவில்லை. விற்பவர்கள் அதை அறுத்துக் குறைத்து, அழகாக வளைவு வெட்டி, எழுத்து நாற்காலியாக்கி விற்றார்கள். இது ஊரறிந்த வேலை. கண்டுபிடிப்பதும் சுலபம்: அறுத்த விளிம்பின் நிறம், சட்டிப் பலகையைத் தாங்கிய கட்டைகள் இருந்த இடத்தில் வெளுத்த சதுரம், அவற்றைப் பிடித்திருந்த ஆணிகளின் துளை.

உங்கள் படத்தில் மூன்றும் தெரிகிறது.

ஜனவரி 22

மேலே எழுதியதைப் படித்துவிட்டு "அப்படியானால் அது போலியா?" என்று கேட்கிறீர்கள். இல்லை. மரம் அந்தக் காலத்து மரம், கைவேலை அந்தக் காலத்துக் கைவேலை. ஒரு பலகையின் உயரம் மட்டும் குறைந்திருக்கிறது. சேகரிப்பவர் இதைத் தொட மாட்டார். உட்கார வாங்குபவருக்கு இது நல்ல வாய்ப்பு, ஏனென்றால் மாற்றம் செய்த நாற்காலிக்கு மாற்றம் செய்யாத நாற்காலியின் விலையைக் கேட்க முடியாது. சீட்டில் 1760 என்று மட்டும் எழுதிவிட்டு, இதைச் சொல்லாமல் விட்டதுதான் எனக்கு ஏற்கவில்லை. விற்பவரிடம் நேராகக் கேளுங்கள்: பலகை குறைக்கப்பட்டது என்று ரசீதில் எழுதித் தருவீர்களா என்று. எழுதித் தருகிறவரிடம் நம்பி வாங்கலாம்.

ஜனவரி 30

முன்கால். இந்த நாற்காலியின் பலவீனம் முழுவதும் அங்கேதான். இரண்டு சட்டங்கள் செங்கோணத்தில் வந்து ஒரே காலில் சேருகின்றன. இரண்டின் கழுந்துகளுக்கும், அதாவது துளைக்குள் செருகும் முனைகளுக்கும், அந்த ஒரே காலில் துளை வெட்ட வேண்டும். இரண்டு துளையும் உள்ளே சந்தித்துக்கொள்ளும். கால் மேல்பகுதியில் மிஞ்சும் மரம் கொஞ்சம்தான். எழுந்திருக்கும்போதும் உட்காரும்போதும் உடல் எடை முதலில் இறங்குவதும் அந்த முனையில்தான்.

சோதிக்கும் முறை: நாற்காலியைச் சமதளத்தில் வைத்து, ஒரு கையால் பின்காலுக்கு மேலுள்ள சட்டத்தை அழுத்திக்கொண்டு, மறு கையால் முன்காலின் மேல்பகுதியைப் பிடித்து இடமும் வலமும் மெதுவாக ஆட்டுங்கள். மூட்டில் மயிரிழை போல இடைவெளி திறந்து மூடினால் பசை விட்டிருக்கிறது. அது பெரிய விஷயம் இல்லை. காலின் மேல்பகுதியில் நீளவாக்கில் விரிசல் இருந்தால் அது பெரிய விஷயம்.

பசை விட்டது ஏன் பெரிய விஷயம் இல்லை என்றால், பழைய தச்சர்கள் ஒட்டியது வஜ்ஜிரத்தால். விலங்குத் தோலிலிருந்து காய்ச்சிய பசை. வெந்நீரும் சூடும் பட்டால் இளகும். மூட்டைக் கழற்றிச் சுத்தம் செய்து மறுபடி வஜ்ஜிரம் போட்டு ஒட்டலாம், பழைய வஜ்ஜிரத்தின்மேலும் புதியது பிடிக்கும். பிற்காலத்தில் யாராவது வெள்ளைப் பசையோ எபாக்சியோ ஊற்றியிருந்தால்தான் சிக்கல். அது எளிதில் இளகாது, அடுத்து ஒட்டும் பசையையும் பிடிக்க விடாது, கழற்றப் போனால் பக்கத்து மரம் பிய்ந்து வரும். மூட்டைச் சுற்றி மஞ்சளாகவோ கண்ணாடி போலவோ வழிந்து காய்ந்த பசை தெரிந்தால் யோசியுங்கள். இரும்பு கோணத்தகடு அடித்திருந்தாலும் அப்படியே. தகடு அசையாது, மரம் ஆண்டுதோறும் சுருங்கி விரியும், திருகாணித் துளையைச் சுற்றி மரம் கிழியும்.

ஜனவரி 30, பின்னிரவு

முதுகுச் சட்டத்தையும் சேர்த்துப் பாருங்கள். அந்த அரைவட்டம் மரத்தை வளைத்துச் செய்தது அல்ல, பெரும்பாலும் கனமான பலகையிலிருந்து வளைவாக அறுத்த துண்டுகளைச் சேர்த்தது. நடுவில் சேரும் இடத்தின்மேல் உயரமான ஒரு துண்டை வைத்து மறைத்திருப்பார்கள், அழகுக்கும் பலத்துக்கும். வளைவாக அறுக்கும்போது மரத்தின் ரேகை சில இடங்களில் சட்டத்தின் குறுக்கே போய்விடும். அந்த இடம்தான் உடையும். கைப்பிடி முனை சுருளும் இடத்துக்குக் கொஞ்சம் பின்னால் பாருங்கள், பழைய ஒட்டு இருந்தால் அங்கேதான் இருக்கும்.

ஒழுங்காக ஒட்டிய பழைய உடைப்பைப் பார்த்து நான் பயப்படுவதில்லை. வயதான நாற்காலியில் ஒரு ஒட்டுகூட இல்லை என்றால்தான் இன்னொரு முறை கவிழ்க்கிறேன்.

பிப்ரவரி 2

குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு ஆகுமா என்று ஒருவர் கேட்கிறார். ஊசலாடப் பார்ப்பார்கள். சாதாரண நாற்காலியில் பின்னால் இரண்டு கால், இதில் ஒன்று. பின்னால் சாய்ந்துகொண்டே பக்கவாட்டில் திரும்பினால் பின்காலுக்கும் பக்கக்காலுக்கும் நடுவில் சரிந்துவிடும். சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் கனமான கிராமத்து ஓக் நாற்காலி தேவலை. மெலிந்த எட்வர்ட் கால நாற்காலி வேண்டாம்.

பிப்ரவரி 11

உளுத்த மரம் பற்றிக் கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன.

துளை இருப்பது நோய் இருப்பதற்கு அடையாளம் அல்ல. வண்டின் புழு மரத்துக்குள் ஆண்டுக்கணக்கில் தின்றுகொண்டே இருந்து, வண்டாக மாறி வெளியே பறக்கும்போது போடுவதுதான் அந்தத் துளை. நீங்கள் பார்ப்பது போனதன் தடம். இன்னும் உள்ளே இருக்கிறதா என்பதே கேள்வி. துளையின் விளிம்பு கூர்மையாக, உள்ளே மரம் வெளிர் நிறமாக இருந்தால் புதியது. விளிம்பு மழுங்கி, உள்ளே அழுக்கும் மெழுகும் அடைத்திருந்தால் பழையது. நாற்காலியைக் கறுப்புத் தாளின்மேல் வைத்து ஒரு கோடைக்காலம் விடுங்கள். மாவு விழுந்தால் ஆள் உள்ளே இருக்கிறார்.

சாதாரண மரவண்டின் துளை 2 மி.மீ. அளவு, மாவு கொரகொரப்பாக இருக்கும். மாவு பவுடர் போல நைசாக இருந்தால் அது வேறு வண்டு, கடின மரங்களின் வெளிச்சதையை மட்டும் தின்னும். வால்நட்டும் பீச்சும் சீக்கிரம் உளுக்கும். மஹோகனியின் வைரப் பகுதியில் மரவண்டு அநேகமாகக் கைவைக்காது. ஆகவே மஹோகனி நாற்காலி என்று சொல்லப்படுவதில் முழுக்கத் துளை என்றால், சாயம் போட்ட பீச்சோ என்று பாருங்கள். அருங்காட்சியகங்களில் பொருளைப் பிளாஸ்டிக்கில் காற்றுப் புகாமல் சுற்றி −30 டிகிரியில் மூன்று நாள் உறைய வைக்கிறார்கள். வீட்டில் செய்வதானால் பெர்மெத்ரின் கலந்த மருந்தைப் பாலிஷ் இல்லாத அடிப்பக்கத்தில் பூசலாம்.

இதைவிட முக்கியமான ஒன்று. ஒரு நாற்காலியின் வெளிப்பரப்பில் புள்ளியாக இல்லாமல், நீளமான வாய்க்கால் போல, திறந்த பள்ளமாக உளுத்த தடம் ஓடியதைப் பார்த்தேன். வண்டு ஒருபோதும் மேற்பரப்பில் அப்படி வாய்க்கால் வெட்டுவதில்லை. உள்ளேதான் தின்னும், வெளியே வர ஒரு வட்டத் துளை மட்டும் போடும். வாய்க்கால் திறந்து தெரிகிறது என்றால், உளுத்த பிறகு யாரோ அந்த மரத்தை அறுத்திருக்கிறார்கள். அதாவது பழைய கட்டிலையோ அலமாரியையோ பிரித்து, அந்த மரத்தில் புதிதாகச் செய்த நாற்காலி. ரம்பத் தடம், நிறம், ஆணி எல்லாவற்றையும் பழையதாகக் காட்டியிருந்தார்கள். அந்த வாய்க்காலை மட்டும் மறைக்க முடியவில்லை. விற்றவர் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. நான் வாங்கவும் இல்லை.

பிப்ரவரி 19

பாலிஷ். கண்ணுக்குத் தெரியாத ஓர் இடத்தில் பஞ்சில் துளி ஆல்கஹால் தொட்டு வையுங்கள், விற்பவரிடம் கேட்டுவிட்டு. பிசுபிசுத்தால் அரக்கு பாலிஷ். அதற்கு மசியாமல் லாக்கர் தின்னருக்கு மட்டும் இளகினால் 1920-களுக்குப் பிறகு வந்த செல்லுலோஸ் லாக்கர். இரண்டுக்கும் அசையாவிட்டால் பாலியூரித்தேன் போல ஏதோ ஒன்று.

பலர் இதைக் கேட்டதும் "அரக்கு பாலிஷ் என்றால் அசல்" என்று எடுத்துக்கொள்கிறார்கள். பிரெஞ்சு பாலிஷ் என்று நாம் சொல்வது 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பரவியது. 1760 நாற்காலியில் அது இருந்தால் பிற்காலத்தில் போட்டது. அதனால் குறைவில்லை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பழைய பரப்பையே எடுத்துவிட்டுப் போட்ட புதுப் பாலிஷ்தான் குறை. கைப்பிடி முனைகளின் செதுக்கலைப் பாருங்கள். தேய்ந்த விளிம்பு கைபட்டு உருண்டிருந்தால் சரி. பள்ளமும் மேடும் ஒரேயடியாக மழுங்கியிருந்தால் உப்புத்தாள் வேலை.

பிப்ரவரி 20

ஜனவரி 13 அன்று எட்வர்ட் கால நாற்காலிகளை ஒரே வரியில் விருந்தினர் நாற்காலி என்று எழுதியிருந்தேன். அதை இன்னும் கொஞ்சம் விரிக்க வேண்டும். தரமான மஹோகனியில், கால்களுக்கு நடுவே பெருக்கல் குறி போலக் குறுக்குக் கட்டை வைத்துச் செய்தவை நன்றாகவே உழைக்கின்றன. அந்தக் கட்டை நாலு காலையும் நடுவில் பிணைத்துப் பிடிக்கிறது. என்னிடம் இருக்கும் ஒன்றில் தினமும் கடிதம் எழுதுகிறேன், மூட்டுகள் கெட்டியாக இருக்கின்றன. குறுக்குக் கட்டை இல்லாத மெலிந்த காலோடு வருபவற்றுக்குத்தான் நான் சொன்னது பொருந்தும். கேட்டவர் காட்டிய 1905 நாற்காலியில் குறுக்குக் கட்டை இல்லை.

மார்ச் 3

இருக்கை. கோரைப் பின்னல், பிரம்புப் பின்னல், மெத்தை, மரப்பலகை எதுவும் வரும். அசல் பின்னல் இத்தனை காலம் தாங்காது, மாற்றியிருப்பார்கள், மாற்றலாம். மெத்தையின் அடியில் மட்டும் பாருங்கள். சுருள் ஸ்பிரிங் இருந்தால் அந்த இருக்கை 19-ஆம் நூற்றாண்டில் அல்லது அதற்குப் பிறகு கட்டியது. குதிரைமயிர் அடைத்திருந்தால் தூக்கி எறிய வேண்டாம், பிரித்துக் கழுவிக் காயவைத்து மறுபடி அடைக்கலாம். நுரைப்பஞ்சு அடைத்திருந்தால் உயரத்தை அளந்துகொள்ளுங்கள். கனமான நுரை வைத்து இருக்கையை 5 செ.மீ. உயர்த்தினால் முதுகுச் சட்டம் அதே 5 செ.மீ. தாழ்ந்துவிடும், இடுப்புக்குக் கிடைத்த தாங்கலும் போய்விடும். இருக்கையின் மேல்பரப்பு தரையிலிருந்து 40 முதல் 45 செ.மீ.க்குள் இருக்கும்படி கட்டச் சொல்லுங்கள்.

சட்டத்தைச் சுற்றி ஆணி அடித்த பழைய துளைகள் எத்தனை வரிசை என்று எண்ணினால் எத்தனை முறை மெத்தை மாறியது என்று ஓரளவு ஊகிக்கலாம். மரம் சல்லடையாகியிருந்தால் இனி ஆணி பிடிக்காது. இருக்கையைக் கழற்றும் வகையாக இருந்தால் அந்தத் தொல்லை நாற்காலிச் சட்டத்துக்கு வராது. இதனாலேயே கழற்றும் இருக்கை உள்ளதை நான் எப்போதும் முதலில் பார்ப்பேன்.

மார்ச் 4

முதுகுக்கு மேலே இன்னொரு முதுகு வைத்தது போன்ற படத்தை ஒருவர் போட்டிருக்கிறார். தலை சாயும் உயரத்தில் கூடுதல் அடுக்கு உள்ள மூலை நாற்காலி அது. சவர நாற்காலி என்பார்கள். தலையைப் பின்னால் சாய்த்துச் சவரம் செய்துகொள்ள வசதி. அடுக்கு பிற்சேர்க்கையா என்று பார்க்க, பக்கத் தூண்கள் கீழ்ச்சட்டத்தில் எப்படி இறங்குகின்றன என்று பாருங்கள்.

இன்னொருவர் கேட்ட வட்ட நாற்காலி, ஆறு கால், பிரம்பு இருக்கை, செதுக்கிய முதுகு. அது மூலை நாற்காலி அல்ல, உறவுக்கார நாற்காலி என்று வைத்துக்கொள்ளலாம். டச்சுக்காரர்கள் காலத்தில் ஆசியாவில் செய்யப்பட்டவை. பர்கோமாஸ்டர் நாற்காலி என்ற பெயரில் ஏலங்களில் வரும். முதுகு அரைவட்டமாகச் சுற்றி வரும். எனக்கு மிகவும் பிடித்த வடிவம். ஆனால் மேசைக்கு ஆகாது, அகலம் இடிக்கும்.

மார்ச் 17

கேட்டவர் 1760 நாற்காலியையே எடுத்துவிட்டார். பலகை குறைக்கப்பட்டது என்று ரசீதில் எழுதி வாங்கியிருக்கிறார், விலையும் இறங்கியிருக்கிறது. முன்கால் மூட்டு லேசாக ஆடுகிறதாம், விரிசல் இல்லையாம். நான் இருந்தாலும் இதையே எடுத்திருப்பேன். தினமும் உட்கார்ந்து எழுத வாங்கும் நாற்காலிக்குச் சேகரிப்பாளரின் அளவுகோல் தேவையில்லை.

மூட்டைச் சரிசெய்யும்வரை உட்கார வேண்டாம். ஆடும் மூட்டில் உட்கார்ந்தால் கழுந்து தேய்ந்துகொண்டே போகும், இன்று பசையோடு முடியும் வேலை நாளை மரம் மாற்றும் வேலையாகும். தச்சரிடம் கொடுக்கும்போது வஜ்ஜிரம் மட்டும்தான் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். புதிதாகப் பாலிஷ் போட்டுத் தருகிறேன் என்று ஆர்வத்தில் சொல்வார், வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லுங்கள்.

மேசையை ஜன்னலிலிருந்து கொஞ்சம் நகர்த்துங்கள், நேர் வெயில் மஹோகனியை வெளுக்க வைக்கும். ஏசியின் காற்று நேராகப் படக் கூடாது. கால்களுக்கு அடியில் கம்பளித் துண்டு ஒட்டுங்கள், முக்கியமாக முன்காலுக்கு, இழுக்கும்போதெல்லாம் அடி வாங்குவது அதுதான். நகர்த்த வேண்டுமானால் கைப்பிடியைப் பிடித்துத் தூக்காதீர்கள். வளைந்த சட்டத்தின் பலவீனமான இடத்தில் முழு எடையும் தொங்கும். குனிந்து, இருக்கைக்குக் கீழுள்ள சட்டத்தை இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்குங்கள். கவிழ்த்து வைப்பதானாலும் அப்படியே.